நூலகத்தில் சான்று பார்த்து முடிவெடுப்பது: கல்லூரி நூலகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் கல்லூரி நூலகர்கள் கூடும் பயிற்சி வகுப்புகளிலும், வகுப்பு முடிந்து டீ குடிக்கும்போதும் என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே எழுதியிருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதலிலிருந்து படிக்கலாம். மற்றவர்கள் தங்களுக்கு வேண்டிய கேள்விக்கு நேரே போகலாம்.

1. சான்று அடிப்படையிலான நடைமுறைன்னா புள்ளிவிவரம் எடுக்கிறதுதானே மேடம்?

எண்ணிக்கை எடுப்பது அதில் ஒரு பகுதிதான். நூலகத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது என்றால், அதற்கு முன் மூன்று இடத்தில் விசாரிக்கிறோம். இதே சிக்கலை மற்ற நூலகங்கள் ஆராய்ந்து என்ன எழுதியிருக்கின்றன, நம் நூலகத்தின் பதிவேடுகள் என்ன சொல்கின்றன, நம் வேலை அனுபவம் என்ன சொல்கிறது. வாசகர்களின் தேவையும் விருப்பமும் கூடவே வரும். எல்லாவற்றையும் எடைபோட்டு முடிவெடுக்கிறோம். கொஞ்ச நாள் கழித்து, எடுத்த முடிவு பலித்ததா என்று திரும்பவும் பார்க்கிறோம்.

இது மருத்துவத்திலிருந்து வந்த வழி. 1990களில் டேவிட் சாக்கெட், கோர்டன் கயாட் போன்ற மருத்துவர்கள் சான்று அடிப்படையிலான மருத்துவத்தைப் பரப்பினார்கள். அவர்களுக்குக் கட்டுரை தேடிக் கொடுத்த மருத்துவ நூலகர்கள், நம் வேலையையும் இப்படிச் செய்தால் என்ன என்று யோசித்தார்கள். அமெரிக்க நூலகர் ஜோனதன் எல்ட்ரெட்ஜ் 1997-இல் இதைப் பற்றி எழுதத் தொடங்கினார். 2001-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் முதல் மாநாடு நடந்தது. இப்போது கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்களிலும் இது பரவியிருக்கிறது.

2. இருபது வருஷ சர்வீஸ் இருக்கு. அனுபவத்துல தெரியாததையா இந்தக் கணக்கு சொல்லிடப் போகுது?

அனுபவத்தை யாரும் ஒதுக்கச் சொல்லவில்லை. முந்தைய பதிலில் சொன்ன மூன்றில் அதுவும் ஒன்று. பல் மருத்துவக் கல்லூரி நூலகத்துக்கும் கலைக் கல்லூரி நூலகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தக் கட்டுரையும் உங்களைவிட நன்றாகச் சொல்லாது.

ஆனால் அனுபவத்துக்கு ஒரு குறை உண்டு. கவுன்டரில் நிற்பவருக்கு, கவுன்டருக்கு வருகிறவர்கள் மட்டும்தான் தெரிவார்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக நூலகத்தில் ஆலன் கென்ட் குழுவினர் 1970களில் ஓர் ஆய்வு செய்தார்கள். 1969-இல் வாங்கிய நூல்களில் சுமார் 40 சதவீதம் முதல் ஆறு ஆண்டுகளில் ஒரு தடவைகூட இரவல் போகவில்லை என்று அதில் தெரிந்தது. அந்த நூல்களைத் தேர்ந்தெடுத்தவர்களும் பழுத்த அனுபவசாலிகள்தான். அந்த ஆய்வு முறையைக் குறை சொன்னவர்களும் உண்டு. அதற்கான காரணம் 11-ஆம் கேள்வியில் வருகிறது.

3. இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம். நம்ம ஊருக்கு ஒத்துவருமா?

இந்தப் பெயர்தான் வெளியூரிலிருந்து வந்தது. பழக்கம் நம் மெரினா கரையிலேயே இருந்தது. மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சேர்ந்தார். பயிற்சிக்காக லண்டன் போனவர் வகுப்போடு நின்றுவிடவில்லை. பிரிட்டனில் பல நூலகங்களை நேரில் பார்த்து, எங்கே எது நடக்கிறது, எது நடக்கவில்லை என்று ஒப்பிட்டார். திரும்பி வந்ததும் வாசகர்கள் அலமாரி வரை வந்து தாங்களே புத்தகம் எடுக்க வழி செய்தார். 1931-இல் வெளியான அவருடைய ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்கிறது.

அந்த விதியை ஆண்டுதோறும் ஆகஸ்ட் 12 நூலகர் தினத்தன்று மேடையில் சொல்கிறோம். அதை அளந்தும் பார்க்கலாம். ஒரு மாணவி ஓபாக்கில் (நூலகத்தின் கணினி அட்டவணையில்) தலைப்பைத் தட்டியதிலிருந்து புத்தகம் கைக்கு வரும் வரை எத்தனை நிமிடம் ஆகிறது? பத்து மாணவர்களைக் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு கூடவே நடந்து பாருங்கள். எந்த அலமாரி முனையில் தயங்குகிறார்கள், எந்த அறிவிப்புப் பலகையைப் பார்க்காமலே கடக்கிறார்கள் என்பது கண்கூடாகத் தெரியும். ரங்கநாதனுக்குச் செய்யும் மரியாதைகளில் எனக்குப் பிடித்தது இதுதான்.

4. சரி, எங்கிருந்து தொடங்குறது?

மாற்ற முடிகிற ஒரு முடிவிலிருந்து தொடங்குங்கள். 'வாசகர் திருப்தியை அறிதல்' என்று ஆரம்பித்தால் எங்கும் போய்ச் சேராது. விடை எப்படி வந்தாலும் நீங்கள் செய்யப்போவது ஒன்றுதான் என்றால், அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள்.

கேள்வியைக் கூர்மையாக்க ஆண்ட்ரூ பூத் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் ஐந்து அம்சங்களைச் சொன்னார்: எந்தச் சூழல், யாருடைய பார்வை, என்ன மாற்றம், எதோடு ஒப்பிடுகிறோம், எதை வைத்து மதிப்பிடுகிறோம். நம் ஊர் உதாரணம் சொல்கிறேன். சென்னையின் பல கலை அறிவியல் கல்லூரிகளில் இரண்டு ஷிஃப்ட். இரண்டாம் ஷிஃப்ட் மாணவர்களுக்கு மதியம்தான் வகுப்பு தொடங்கும். அவர்களுக்கு வகுப்பு முடியும்போது பல இடங்களில் நூலகம் பூட்டியிருக்கும். 'நேரத்தை நீட்டலாமா?' என்று கேட்டால் விவாதம்தான் வளரும். 'இரண்டாம் ஷிஃப்ட் இளங்கலை மாணவர்களுக்கு, இரவல் கவுன்டரை ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்து வைத்தால், இப்போதைய நேரத்தோடு ஒப்பிடும்போது அவர்கள் எடுக்கும் புத்தகங்கள் கூடுமா?' என்று கேளுங்கள். எதை எண்ண வேண்டும், யாரிடம் பேச வேண்டும், எந்தக் கட்டுரையைத் தேட வேண்டும் என்பதெல்லாம் இந்த ஒரு வாக்கியத்திலிருந்தே வந்துவிடும்.

5. நான் ஒரே ஆள். கூட ஒரு அட்டெண்டர். எனக்கு ஏது நேரம்?

ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு கேள்வி. அது போதும். புதிதாக எதையும் சேகரிக்காமல், இருப்பதை வைத்தே தொடங்குங்கள்.

6. எங்ககிட்ட டேட்டாவே இல்லையே மேடம்?

இருக்கும். கேட் ரிஜிஸ்டர், இரவல் பதிவு, முன்பதிவு, தாமதக் கட்டணம், ஜெராக்ஸ் கணக்கு எல்லாமே டேட்டாதான். கோஹா என்ற நூலக மென்பொருளை வைத்திருப்பவர்கள் அதன் ரிப்போர்ட்ஸ் பகுதியில் துறைவாரியாக, மாதவாரியாக இரவல் கணக்கை எடுத்துவிடலாம். தரவுத்தளத்திலிருந்து விவரம் எடுக்கும் எஸ்.க்யூ.எல். மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கோஹா பயன்படுத்துவோர் எழுதிப் பகிர்ந்த ரிப்போர்ட்டுகள் ஏராளமாக இணையத்தில் கிடைக்கின்றன.

எந்த மென்பொருளும் தானாகப் பதிவு செய்யாத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, மேசையில் விட்டுப்போன புத்தகங்கள். இரவல் எடுக்காமல் உட்கார்ந்து படித்துவிட்டுப் போனவர்களின் தடயம் அதுதான். அட்டெண்டர் அவற்றை அலமாரியில் அடுக்கும் முன், கவுன்டரில் ஒருமுறை ஸ்கேன் செய்து உள்பயன்பாடாகப் பதியச் சொல்லுங்கள். கோஹாவில் அதற்கு வசதி இருக்கிறது. கணினி இல்லையென்றால் வகைப்பாட்டு எண்வாரியாக ஒரு தாளில் கோடு போட்டாலே போதும்.

இரண்டாவது, 'இல்லை' என்று நாம் சொன்ன பதில்கள். கவுன்டரில் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வையுங்கள். யாராவது கேட்டு நம்மிடம் இல்லாத புத்தகம், கேட்டவரின் துறை, தேதி, இவ்வளவுதான் எழுத வேண்டும். செமஸ்டர் முடிவில் அதைப் புரட்டினால், துறைத் தலைவர்கள் அனுப்பும் பரிந்துரைப் பட்டியலில் வராத தலைப்புகள் அதில் இருக்கும். புத்தகம் வாங்கும் குழுவில் ஒரு நூலகர் வாய் திறந்து பேச இதைவிட நல்ல ஆவணம் எனக்குத் தெரிந்து இல்லை.

7. கேட் ரிஜிஸ்டர்ல கூட்டம் நல்லா காட்டுது. அப்போ நூலகம் நல்லா நடக்குதுன்னுதானே அர்த்தம்?

கூட்டம் வந்தது என்று அர்த்தம். எதற்காக வந்தது என்று ரிஜிஸ்டர் சொல்லாது. ஏப்ரல், மே மாதத்தில் ஏ.சி.க்காகவும் வருவார்கள். வைஃபைக்காக, அடுத்த வகுப்புக்கு நடுவே உட்கார இடத்துக்காக வருவார்கள். அதுவும் நூலகத்தின் பயன்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் புத்தக பட்ஜெட்டுக்கு அதைச் சான்றாகக் காட்ட முடியாது.

ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். நவம்பரையும் மார்ச்சையும் பக்கத்தில் வைத்தால் தப்பான முடிவுக்கு வருவோம். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை, மழை விடுமுறை, செமஸ்டர் தேர்வு எல்லாம் சேர்ந்து வரும். போன வருடம் செமஸ்டரின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள்.

ரிஜிஸ்டரில் வராத ஆட்களையும் மறக்கக் கூடாது. செங்கல்பட்டிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் மின்சார ரயிலில் வந்து, வகுப்பு முடிந்த கையோடு அடுத்த ரயிலுக்கு ஓடும் மாணவர்கள் உங்கள் கணக்கில் பூஜ்ஜியமாகத்தான் இருப்பார்கள். அவர்களைப் பற்றித் தெரிய வேண்டுமானால் வகுப்பறைக்குத்தான் போக வேண்டும்.

8. ஆய்வுக் கட்டுரையெல்லாம் எங்கே தேடுறது? வாங்க காசு இல்லை.

இந்தத் துறையில் நிறைய இலவசமாகவே கிடைக்கிறது. 'எவிடன்ஸ் பேஸ்ட் லைப்ரரி அண்ட் இன்ஃபர்மேஷன் பிராக்டிஸ்' என்ற இதழை கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் 2006 முதல் திறந்த அணுக்கத்தில், அதாவது யாரும் இலவசமாகப் படிக்கும்படி, வெளியிடுகிறது. மற்ற இதழ்களில் வந்த ஆய்வுகளைச் சுருக்கி, அவற்றின் பலம் பலவீனத்தைச் சொல்லும் பகுதி அதில் உண்டு. நேரம் இல்லாதவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். நூலகத் துறைக் கட்டுரைகளைத் தேட லிஸ்டா என்ற தரவுத்தளம் கட்டணமில்லாமல் கிடைக்கிறது. நம் நாட்டு ஆய்வுகளுக்கு 'அன்னல்ஸ் ஆஃப் லைப்ரரி அண்ட் இன்ஃபர்மேஷன் ஸ்டடீஸ்', பாதுகாப்புத் துறையின் டெசிடாக் நிறுவனம் வெளியிடும் நூலகவியல் இதழ் இரண்டும் உண்டு. இரண்டுமே திறந்த அணுக்கம். முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா இணையதளம்.

அரசு உயர்கல்வி நிறுவனத்தில் இருப்பவர்களுக்கு 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டமும் இருக்கிறது. 30 பதிப்பாளர்களின் சுமார் 13,000 இதழ்கள் அதில் அடக்கம். மற்ற கல்லூரிகள், மின்னிதழ்களும் மின்னூல்களும் தரும் என்-லிஸ்ட் திட்டத்தில் சேர்ந்திருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

9. கட்டுரையில வந்திருந்தா அப்படியே நம்பலாமா?

வேண்டாம். லிண்ட்சே கிளின் என்பவர் 2006-இல் நூலகத் துறை ஆய்வுகளை எடைபோட ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தந்தார். யாரை ஆராய்ந்தார்கள், விவரத்தை எப்படிச் சேகரித்தார்கள், ஆய்வு வடிவம் பொருத்தமா, முடிவு விவரத்திலிருந்து வருகிறதா என்ற நான்கு பக்கங்களிலிருந்தும் அது கேள்வி கேட்கும். அதோடு ஐந்தாவதாக ஒன்றை நீங்கள் கேளுங்கள்: அந்த நூலகமும் என் நூலகமும் எதில் ஒன்று, எதில் வேறு?

மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் ஒரே கல்லூரியில் நூறு, இருநூறு கேள்வித்தாள் கொடுத்து, 'பெரும்பாலானோர் திருப்தி அடைந்துள்ளனர்' என்று முடியும் கட்டுரைகள் மிக அதிகம். அவற்றை வைத்து ஒரு நாற்காலியைக்கூட இடம் மாற்ற முடியாது. இவ்வளவு உழைக்கிறவர்கள், அதே உழைப்பில் ஒரு மாற்றத்தைச் செய்து பார்த்து, முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று எழுதினால் மற்ற நூலகர்கள் அத்தனை பேருக்கும் உதவும்.

10. ஃபீட்பேக் ஃபார்ம் கொடுத்தா எல்லாரும் 'குட்'னு டிக் பண்ணிட்டுப் போறாங்க. என்ன செய்ய?

கேள்வியை மாற்றுங்கள். 'சேவை எப்படி இருக்கிறது?' என்றால் மரியாதைக்கு நல்ல பதில்தான் வரும், அதுவும் படிவத்தில் பதிவு எண் கேட்டிருந்தால். 'கடைசியாக நூலகத்தில் என்ன தேடினீர்கள்? கிடைத்ததா? கிடைக்கவில்லையென்றால் அப்புறம் என்ன செய்தீர்கள்?' என்று நடந்ததைக் கேளுங்கள். பெயர் வேண்டாம். தமிழிலும் கேளுங்கள். ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை எழுதும் மாணவர் தமிழில் மூன்று வரி எழுதுவார்.

எத்தனை பேர் என்றும் கேட்பார்கள். ஆம், இல்லை என்ற கேள்விக்குக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த 100 பேர் பதில் சொன்னால், கிடைக்கும் சதவீதம் சுமார் 10 புள்ளி மேலே கீழே இருக்கலாம். தோராய முடிவுக்கு அது போதும். ஆனால் நூலகத்துக்குள் கண்ணில் பட்ட 500 பேரைக் கேட்பதைவிட, வருகைப் பட்டியலிலிருந்து குலுக்கி எடுத்த 100 பேர் மேல். காரணம் 7-ஆம் பதிலிலேயே இருக்கிறது: வராதவர்கள். ஓபாக்கில் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது போன்ற விஷயத்துக்கு எண்ணிக்கையே வேறு. ஆறேழு பேரைப் பக்கத்தில் இருந்து கவனித்தாலே பெரிய கோளாறுகள் வெளியே வந்துவிடும்.

11. அஞ்சு வருஷமா யாரும் தொடாத புத்தகத்தைக் கழிச்சுடலாமா?

'தொடாத' என்பது உறுதியா? பிட்ஸ்பர்க் ஆய்வு மீது வந்த முக்கியக் குறையே இதுதான்: இரவல் பதிவை மட்டும் நம்பி, உள்ளே உட்கார்ந்து படித்த பயன்பாட்டைச் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்றார்கள். 6-ஆம் பதிலில் சொன்ன மேசைக் கணக்கை ஒரு செமஸ்டராவது எடுத்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

பழைய பாடத்திட்டக் கணினிப் புத்தகத்தின் பத்துப் பிரதிகளுக்கு இரவல் கணக்கே போதிய சான்று. பழைய தமிழ்ப் பதிப்புகளுக்குப் போதாது. 1930களின் இலக்கண நூலையோ நின்றுபோன சிற்றிதழையோ ஐந்து வருடத்தில் ஒரு ஆராய்ச்சி மாணவர் தேடி வந்தாலே அது தன் இடத்துக்கு நியாயம் செய்துவிட்டது. தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் அட்டவணையிலும் கன்னிமாரா பொது நூலகத்திலும் பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். எங்கும் இல்லையென்றால் உங்கள் பிரதி கழிக்கக் கூடாத பிரதி. இங்கே எண்ணிக்கைக்கு மேல் உங்கள் அறிவு நிற்க வேண்டும்.

12. இ-ஜர்னலுக்கு ஒரு டவுன்லோடுக்கு எவ்வளவு ஆகுதுன்னு பார்த்து, அதிகமா இருந்தா நிறுத்திடலாமா?

நல்ல தொடக்கம், ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. உதாரணத்துக்கு, ஒரு தொகுப்புக்கு ஆண்டுக்கு 1,80,000 ரூபாய், பயன்பாடு 600 என்றால் ஒன்றுக்கு 300 ரூபாய். அந்த 600 எந்தக் கணக்கு என்று பாருங்கள். பதிப்பாளர்கள் தரும் 'கவுன்டர்' அறிக்கையில் (இது நம் இரவல் கவுன்டர் அல்ல, மின்னிதழ்ப் பயன்பாட்டை எண்ணும் COUNTER என்ற பொது அளவுமுறை) மொத்தக் கோரிக்கை, தனித்த கோரிக்கை என்று இரண்டு உண்டு. ஒருவர் ஒரே அமர்வில் ஒரு கட்டுரையைத் திரையிலும் படித்து பி.டி.எஃப்.பும் இறக்கினால் முதலாவதில் இரண்டாகும், இரண்டாவதில் ஒன்றுதான். பதிப்பாளருக்குப் பதிப்பாளர் ஒப்பிட இரண்டாவதுதான் சரி. உரிமம் இல்லாததால் திருப்பி அனுப்பப்பட்ட கோரிக்கைகளின் அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். நாம் வாங்காத எதை நம் ஆட்கள் தட்டிப் பார்க்கிறார்கள் என்று அதில் தெரியும்.

பிறகு துறையைப் பாருங்கள். நாலு பேர் மட்டும் ஆராய்ச்சி செய்யும் தத்துவத் துறையின் இதழ், நானூறு பேர் படிக்கும் வணிகவியலோடு எண்ணிக்கையில் போட்டி போட முடியாது. நிறுத்துவதற்கு முன் அந்த நாலு பேரிடமும் பேசுங்கள்.

13. கல்லூரியைத் தர மதிப்பீடு செய்ய வர்ற நாக் குழுவுக்குத் தயார் பண்ற கணக்கையே இதுக்கும் வச்சுக்கலாமா?

விவரத்தை வைத்துக்கொள்ளலாம், நோக்கத்தை அல்ல. ஒரு நாளைக்கு எத்தனை ஆசிரியர், மாணவர் நூலகத்தைப் பயன்படுத்தினார்கள் என்று நாக் கேட்டால், நல்ல எண்ணைக் காட்டத்தான் எந்தக் கல்லூரியும் விரும்பும். நமக்குத் தேவையோ மோசமான எண்ணும்தான். எந்தத் துறை வரவில்லை, எந்த மாதம் விழுகிறது என்பதில்தான் வேலை இருக்கிறது. அந்தத் தாளைத் தனியாக, நமக்காக வைத்துக்கொள்வது நல்லது.

14. யார் என்ன படிக்கிறாங்கன்னு நோண்டிப் பார்க்கிறது சரியா?

சரியில்லை. நமக்குத் துறை, ஆண்டு, மாதம் போதும், ஆள் வேண்டாம். ஒரு மாணவி மனநலம் பற்றிய புத்தகம் எடுத்தார் என்பது ஆசிரியர் அறையில் பேச்சாகிவிட்டால், அவர் திரும்ப நூலகத்துக்குள் வர மாட்டார். கோஹாவில் திருப்பிக் கொடுத்த புத்தகங்களின் பதிவிலிருந்து பெயரை நீக்கும் வசதி இருக்கிறது. எண்ணிக்கை சிறியதாக இருந்தால் பெயர் இல்லாமலே ஆள் தெரிந்துவிடும் என்பதையும் கவனியுங்கள். எம்.ஃபில்.லில் ஒரே ஒருவர் இருந்த துறையின் கணக்கைத் தனி வரியாகக் காட்டக் கூடாது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்திருக்கிறது. நம் தொழில் நெறி அதற்கு முன்பிருந்தே இதைத்தான் சொல்கிறது.

15. சான்று ஒண்ணு சொல்லுது, முதல்வர் வேற சொல்றார். அப்போ?

டெனிஸ் கூஃபோயானாகிஸ் என்ற கனடா நூலகர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். கல்வி நூலகங்களில் முடிவு குழுவாகத்தான் எடுக்கப்படுகிறது, ஆகவே எல்லோரும் ஒத்துக்கொள்வதும் இந்த நடைமுறையின் ஒரு படிதான் என்பது அவர் கருத்து. முப்பது பக்க அறிக்கை வேண்டாம். ஒரே பக்கம்: என்ன சிக்கல், என்ன தெரிந்தது, என்ன கேட்கிறோம், எவ்வளவு செலவு. 'நிரந்தரமாக மாற்றுங்கள்' என்று கேட்பதைவிட 'ஒரு மாதம் செய்து பார்க்க அனுமதி கொடுங்கள் சார்' என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். எந்த எண் வந்தால் தொடர்வோம், எது வந்தால் நிறுத்துவோம் என்பதையும் அதே தாளில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். முடிவு வந்த பிறகு எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

மாற்றத்துக்கு முந்தைய கணக்கு கையில் இல்லாமல் சோதனையைத் தொடங்காதீர்கள். முதல் இரண்டு வாரக் கூட்டம் புதுசு என்பதற்காகவும் வரும். பொங்கல் விடுமுறை நடுவில் விழுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

16. மூணு சான்றும் மூணு திசையில இழுத்தா எதை நம்புறது?

இது அடிக்கடி நடக்கும். 4-ஆம் பதிலின் இரண்டாம் ஷிஃப்ட் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். நேரத்தை நீட்டினால் மாணவர் வரவேற்கிறார்கள் என்று கட்டுரைகள் சொல்கின்றன. கேள்வித்தாளிலும் நம் மாணவர்கள் 'வேண்டும்' என்கிறார்கள். சோதனை மாதத்திலோ கடைசி ஒரு மணி நேரம் கவுன்டர் காலியாகக் கிடக்கிறது. உடனே 'கேட்டார்கள், வரவில்லை' என்று மூடிவிடத் தோன்றும்.

முரண்பாடு வந்தால், சான்றுகள் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றனவா என்று பாருங்கள். கட்டுரைகள் பெரும்பாலும் விடுதி உள்ள வளாகங்களைப் பற்றியவை. நம் மாணவர்கள் தினமும் வீடு திரும்புகிறவர்கள். 'வேண்டும்' என்று எழுதியவர்களில் நாலைந்து பேரைக் கூப்பிட்டுப் பேசினால், அவர்களுக்குத் தேவை மாலை நேரம் அல்ல, வகுப்புக்கு முந்தைய நண்பகல் நேரம் என்று தெரியவரலாம். அந்த நேரத்தில் முதல் ஷிஃப்ட் மாணவர்கள் புத்தகம் திருப்ப வரிசையில் நிற்கிறார்கள், நமக்கும் சாப்பாட்டு நேரம். அப்படியானால் நேரத்தை நீட்டவே தேவையில்லை. திருப்பித் தரும் புத்தகங்களுக்கு வாசலில் ஒரு பெட்டி வைத்து, நண்பகலில் இரவலுக்கு மட்டும் ஒரு கவுன்டர் ஒதுக்கி, சாப்பாட்டு நேரத்தை ஆள் மாற்றிப் பிரித்துக்கொண்டு, அடுத்த செமஸ்டரின் அதே வாரங்களில் இரண்டாம் ஷிஃப்ட்டின் இரவல் கணக்கை எடுத்துப் பாருங்கள்.